இரண்டு இஞ்ச் மூச்சு

தாராவி,
9-2-1964

அன்புள்ள ரோஸிக்கு,

நல்ல சேதியோடுதான் எழுதணும் என்று பத்து நாளாகப் பேனாவைத் தொடவில்லை. நல்ல சேதி வருகிற வழியைக் காணோம். கெட்டதையே எழுதிவிடுகிறேன். டாக்டர் என்னைத் தள்ளிவிட்டார்.

டிராம்பே எண்ணெய்க் கம்பெனியில், தீயணைக்கிற பகுதியில், நான் டெம்பரவரியாகக் குழாய் இழுக்கிறது உனக்குத் தெரியும். இந்த வருஷம் ஆறு பேரை பெர்மனென்ட் ஆக்குகிறார்கள். பெர்மனென்ட் ஆனால் செம்பூரில் குவார்ட்டர்ஸ் உண்டு. ஒரு ரூம், ஒரு அடுக்களை, தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள்ளேயே. நீ வந்துவிடலாம். ஓட்டம், ஏணி, ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்குவது எல்லாவற்றிலும் நான் பாஸ். கடைசியில் டாக்டர் டேப்பை எடுத்து நெஞ்சைச் சுற்றிப் பிடித்தார். சும்மா நிற்கும்போது முப்பத்திரண்டு இஞ்ச் இருக்கணுமாம். மூச்சை இழுத்தால் அதற்கு மேலே இரண்டு இஞ்ச் விரியணுமாம். எனக்கு முப்பதரைதான். விரிகிறதா என்று பார்க்கக்கூட இல்லை, டேப்பைச் சுருட்டிவிட்டார். புகைக்குள்ளே போகிறவனுக்கு நுரையீரல் வேணும், தம்பி என்றார்.

மூன்று தடவை அளப்பார்கள். இது ஒன்று, இனி ஜூனில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. அதிலும் தவறினால் பேரை லிஸ்டிலிருந்து அடித்துவிடுவார்கள். அப்புறம் குவார்ட்டர்ஸும் கிடையாது, நீயும் கிடையாது.

சும்மா இருக்கவில்லை. இங்கே நம்ம ஊர்ப்பக்கத்து பிரம்மநாயகம் அண்ணாச்சி ஒரு தாலீம் வைத்திருக்கிறார். தாலீம் என்றால் இங்கே தேகப்பயிற்சி செய்கிற இடம். நேற்றுச் சேர்ந்துவிட்டேன். தேங்காய் உடைத்து, அண்ணாச்சி காலைத் தொட்டு, பயிற்சிக் களத்துச் செம்மண்ணை எடுத்து நெற்றியில் வைத்து. ஆஞ்சநேயர் படத்துக்கு முன்னால் எல்லாரும் கும்பிட்டபோது நான் கையைக் கட்டிக்கொண்டு மனசுக்குள்ளே பரமண்டல ஜெபம் சொன்னேன். அண்ணாச்சி கவனித்தார், ஆனாலும் சேர்த்துக்கொண்டார். மாமாவிடம் இதைச் சொல்லாதே.

உன்,
ஞானசீலன்

பாளையங்கோட்டை,
16-2-1964

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன், பிறகு கோபம் வந்தது, பிறகு சிரித்தேன். ஒரு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ட்ரில் டீச்சராக இருப்பவளைக் கட்டிக்கொண்டு, நெஞ்சு விரிய என்ன செய்யவேண்டும் என்று ஊரிலே வேறு ஆளைத் தேடிப் போயிருக்கிறீர்களே. ஒரு கார்டு போட்டுக் கேட்டிருக்கலாமே.

தாலீம் வேண்டாம் அத்தான். பயில்வான்களை எனக்குத் தெரியும். இங்கே பொருட்காட்சியில் பார்த்திருக்கிறேன். கழுத்து தோளுக்குள்ளே போய்விடும், படி ஏறினால் இரைக்கும். உங்களுக்கு வேண்டியது சதை இல்லை, மூச்சு. அதற்குத் தேங்காயும் வேண்டாம், குருவும் வேண்டாம். விடியற்காலையில் எங்கேயாவது மரத்தடியில் தனியாக நின்று, நான் சொல்கிறபடி செய்தால் போதும்.

நேராக நிற்கவும். நாலு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே கைகளைப் பக்கவாட்டில் தூக்கவும். எட்டு எண்ணும்வரை வாயால் மெதுவாக விட்டுக்கொண்டே இறக்கவும். இருபது தடவை. பிறகு குதித்துக் கைதட்டும் பயிற்சி ஐம்பது. பிறகு ஒரு மைல் ஓட்டம், வாயை மூடிக்கொண்டு. படம் வரைந்து தனித்தாளில் வைத்திருக்கிறேன். படத்தில் இருப்பது நீங்கள்தான், மூக்கைப் பார்த்தால் தெரியும்.

நமக்குக் கல்யாணமாகி இரண்டரை வருஷம். சேர்ந்திருந்தது நாற்பத்தொரு நாள். யாரோ ஒரு டாக்டர் டேப்பைச் சுருட்டிவிட்டார் என்று நான் சும்மா இருக்கமாட்டேன்.

உங்கள்,
ரோஸி

தாராவி,
1-3-1964

அன்புள்ள ரோஸிக்கு,

உன் படத்தை எடுத்துக்கொண்டு போனேன். முதலில் எங்கள் கோலியிலேயே செய்து பார்த்தேன். இந்த ஒற்றை ரூமில் ஒன்பது பேர் இருக்கிறோம். பக்கவாட்டில் கையைத் தூக்கினதும் அப்துல் ரவூப் காப்பி தம்ளர் போச்சு. வெளியே சந்தில் நின்றால் இரண்டு பக்கத்துச் சுவரும் கையில் இடிக்கிறது. தாராவியில் இரண்டு கையையும் விரித்து நிற்க இடம் இல்லை என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

சரி என்று ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவுக்கு நடந்தேன். அங்கே பைவ் கார்டன் என்று ஐந்து தோட்டம் ஒன்றாக இருக்கிறது, பெரிய பெரிய மரம். நின்று கையைத் தூக்கினேன். நடக்கப் போன இரண்டு பார்சிக் கிழவர்கள் நின்றுவிட்டார்கள். கோயிலுக்குப் போகிற மாமிகள் மூன்று பேர் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்கள். குதித்துக் கைதட்டுகிற இடம் வந்ததும் ஒரு ஆயா, தள்ளுவண்டியில் இருந்த பிள்ளையிடம் என்னைக் காட்டினாள். பிள்ளையும் கைதட்டிற்று. நான் வந்துவிட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்கிறதை நாற்பது பேர் சேர்ந்து செய்தால் ட்ரில். ஒரு ஆம்பிளை தனியாக மரத்தடியில் செய்தால் கோட்டி.

தாலீமில் அது இல்லை. அங்கே எல்லாரும் கோட்டிதான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. சேருகிற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு ஜோடியைக் கொடுப்பார் அண்ணாச்சி. ஒருத்தன் தண்டால் எடுத்தால் மற்றவன் சத்தமாக எண்ணணும். ஜோடி வராத நாளில் இவனும் தண்டால் எடுக்கக்கூடாது, ஓரமாக உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கணும். என் ஜோடி ஷேக் பரீத். மேலப்பாளையத்துக்காரன், தோல் மண்டியில் வேலை. எனக்குக் கை நடுங்கும்போது அவன் எண்ணுகிற வேகத்தைக் குறைத்துவிடுவான், அண்ணாச்சிக்குத் தெரியாமல். என்னால் அவன் உட்காரவேண்டி வரக்கூடாது என்றுதான் நான் காய்ச்சல் அடித்த அன்றும் போனேன். தனியாகச் செய்தால் இந்த அக்கறை எங்கிருந்து வரும்?

நீ ட்ரில் டீச்சர், சரிதான். ஆனால் இது ஆம்பிளைகள் சமாச்சாரம்.

உன்,
ஞானசீலன்

பாளையங்கோட்டை,
12-3-1964

அன்புள்ள அத்தானுக்கு,

ஆம்பிளைகள் சமாச்சாரம் என்று எழுதியிருந்த வரியை மூன்று தடவை படித்தேன். பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன்.

பேராச்சி என்று ஏழாங்கிளாஸில் ஒரு பிள்ளை. ஒல்லி. ஊதினால் பறந்துவிடும். சும்மா நிற்கும்போது இருபத்தாறு இஞ்ச். இழுத்து நிறுத்தச் சொன்னேன். இருபத்தெட்டேகால். உங்கள் டாக்டர் கேட்கிறதைவிடக் கால் இஞ்ச் கூட. அவளுக்கு ஜோடியும் இல்லை, குருவும் இல்லை.

ஷேக் பரீத் நல்ல மனிதர் என்று தெரிகிறது. அவருக்கு என் வந்தனம் சொல்லுங்கள். தாலீமுக்குப் போங்கள், நான் தடுக்கவில்லை, தடுத்தால் கேட்கவும் மாட்டீர்கள். ஆனால் அந்த மூச்சுப் பயிற்சியை மட்டும் விடாதீர்கள். நின்று செய்ய வெட்கமாக இருந்தால் குர்லாவில் வண்டிக்குக் காத்திருக்கும்போது செய்யுங்கள். கையைத் தூக்கவேண்டாம், மூச்சு போதும். யாருக்கும் தெரியாது.

உங்கள்,
ரோஸி

தாராவி,
24-5-1964

அன்புள்ள ரோஸிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. முப்பத்திமூன்றரை.

ஆமாம். நேற்று அண்ணாச்சி தையல்காரர் டேப்பை வாங்கி எல்லார் முன்னாலும் அளந்தார். மூன்று மாதத்தில் மூன்று இஞ்ச். ஷேக் பரீத் என்னைத் தூக்கிச் சுற்றினான். என் பழைய சட்டையில் பொத்தான் போட முடியவில்லை. கம்பெனியில் எங்கள் போர்மேன் நயினார், என்னலே ஞானசீலா, நீ முன்னே வருகிறாய், நெஞ்சு உனக்கு முன்னே வருகிறது என்கிறார்.

தாலீமில் ஒரு கண்டிப்பு உண்டு. அதுதான் எனக்கு மிச்சம் எல்லாவற்றையும் கொடுத்தது. நெஞ்சை ஒரு நேரமும் தளரவிடக்கூடாது. நிற்கும்போது, நடக்கும்போது, வண்டியில் தொங்கும்போது, எப்போதும் தூக்கியே வைத்திருக்கணும். தளர்ந்து நிற்கிறவனை அண்ணாச்சி பார்த்துவிட்டால் நூறு பஸ்கி. தோற்றவன்தான் நெஞ்சைத் தொங்கவிடுவான் என்பார். முதலில் முதுகு வலித்தது. இப்போது அதுவே என் சுபாவமாகிவிட்டது. தூங்கும்போதுகூட அப்படித்தான் இருக்கிறேனாம், ரவூப் சொன்னான்.

ஜூன் பத்தாம் தேதி அளக்கிறார்கள். நீ பள்ளிக்கூடத்தில் சொல்லிவை. பாத்திரம் அதிகம் கட்டாதே, இங்கே வாங்கிக்கொள்ளலாம். உன் மூச்சுப் பயிற்சி இரண்டு வாரம் செய்தேன், பிறகு நேரம் இல்லை. அது இல்லாமலே காரியம் நடந்துவிட்டது பார்த்தாயா.

உன்,
ஞானசீலன்

பாளையங்கோட்டை,
28-6-1964

ஞானசீலன் அவர்களுக்கு,

பத்தாம் தேதி போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது. முதல் வாரம் தபால்காரரை வாசலில் நின்று பார்த்தேன். இரண்டாம் வாரம் அவர் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு போனார். நீங்கள் நோயில் கிடக்கிறீர்களோ, தீயில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று நான் நினைக்காத கெட்டது இல்லை.

இன்றைக்கு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் லூசியம்மாள் நின்றாள். தாராவியில் உங்கள் சந்துக்கு அடுத்த சந்து என்று நீங்கள்தானே சொல்லியிருக்கிறீர்கள். தங்கச்சி பிள்ளை ஞானஸ்நானத்துக்கு வந்திருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, வருத்தப்படாதே ரோஸி, இரண்டாம் தடவையும் தள்ளிவிட்டார்களாமே, அவர் யாரோடும் பேசுகிறதில்லை என்றாள். எங்கள் எச்.எம். அம்மா பக்கத்தில் நின்றார்கள். என் அம்மா நின்றார்கள். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு முன்பே தெரியும் என்று பொய் சொன்னேன். கோயில் வாசலில் நின்றுகொண்டு.

நீங்கள் தோற்றது எனக்குப் பெரிதில்லை. அதை நான் லூசியம்மாள் வாயால் கேட்டேனே, அதுதான் பொறுக்கவில்லை.

ரோஸி

தாராவி,
5-7-1964

திருமதி ரோஸி டீச்சருக்கு,

எழுதவில்லை, உண்மைதான். என்ன எழுதச் சொல்கிறாய்? மே மாதத்தில் பாத்திரம் கட்டாதே என்று எழுதின கையாலேயே, ஜூனில் வராதே என்று எழுதணுமா? ஐந்து தடவை இன்லண்டு வாங்கிக் கிழித்தேன்.

முப்பத்திமூன்றரை இஞ்ச் வைத்துக்கொண்டு தோற்றேன். விரியவில்லையாம். இழுத்தும் முக்கால் இஞ்ச்தான் கூடியதாம். ஏழாங்கிளாஸ் பிள்ளை இரண்டேகால் காட்டுகிறது, நான் முக்கால். நீ சொன்னபடி செய்திருந்தால் நடந்திருக்கும் என்று நீ எழுதப்போகிறாய். எழுது. அதற்குத்தானே காத்துக்கொண்டிருக்கிறாய்.

இன்னொன்றும் கேள்விப்பட்டேன். லூசியம்மாள் இங்கிருந்து சேதி கொண்டுபோனது மட்டும் இல்லை, அங்கிருந்து இங்கேயும் எழுதுகிறாள். உன் எச்.எம். அம்மா உன்னை மெட்ராஸுக்கு ஒரு வருஷம் டிரெயினிங் அனுப்பி, திரும்பி வந்ததும் பெரிய ட்ரில் டீச்சர் ஆக்கப்போகிறார்களாமே. அதை நீ எனக்கு எழுதினாயா? எனக்குத் தெரிந்துவிட்டது. நான் தோற்றால் உனக்கு வசதிதான். விசிலும் கையுமாக அங்கேயே இருந்துகொள்ளலாம். வருவதற்கு ஆசை இருந்தால்தானே இந்த இரண்டு இஞ்ச் உனக்குப் பெரிதாகத் தெரியும்.

ஞானசீலன்

பாளையங்கோட்டை,
13-7-1964

அத்தானுக்கு,

கடைசி வரியைக் கோபத்தில் எழுதியிருப்பீர்கள் என்று மூன்று நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருந்தாலும் குத்தின இடம் குத்தினதுதான். டிரெயினிங் விஷயம் மெய். செப்டம்பர் கடைசிக்குள் பதில் சொல்லணும். உங்கள் காரியம் தெரிந்த பிறகு எழுதலாம் என்று மறைத்தேன். நீங்கள் மறைத்ததற்குக் குதித்தேனே, நானும் அதையேதான் செய்திருக்கிறேன். அந்த மட்டில் நாம் இரண்டு பேரும் சரிக்குச் சரி.

ஆனால் ஆசை இல்லை என்றீர்களே, அதற்கு நான் இப்போது பதில் எழுதமாட்டேன். எழுதினால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும்.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. முப்பத்திமூன்றரை நெஞ்சு முக்கால் இஞ்ச்தான் விரியும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. நான் சின்னப் பிள்ளைகளைத்தான் அளக்கிறேன், என்றாலும் இருநூறு பேரை அளந்தாயிற்று. ஒரு இஞ்சுக்குக் குறைந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை, இளைப்பு நோய்க்காரி ஒருத்தியைத் தவிர. அதனால் கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அந்த ரூமுக்குள் போனது முதல் வெளியே வந்தது வரை ஒன்று விடாமல் எழுதுங்கள். எப்படி நின்றீர்கள், டாக்டர் முதலில் என்ன சொன்னார், எப்போது டேப்பைப் பிடித்தார், எல்லாம். வெட்கப்பட்டு எதையும் விடவேண்டாம்.

ரோஸி

தாராவி,
26-7-1964

ரோஸிக்கு,

எழுதுகிறேன். ஷேக் பரீத்தான் எழுதச் சொன்னான். உன் கடிதத்தை அவனிடம் படித்துக் காட்டினேன், தமிழ் அவனுக்கு அவ்வளவாக வாசிக்க வராது. வே, அந்த அம்மா உம்மைத் திட்டவில்லை, உம்முடைய சோலியைப் பார்க்கிறது என்றான்.

உள்ளே போனதும் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். எனக்கு முன்னே இரண்டு பேர் நின்றார்கள், கூனிக்கொண்டு. நான் தாலீமில் நிற்கிற மாதிரி நின்றேன். டாக்டர் என்னைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சாதாரணமாக நில்லு என்றார். நான் சாதாரணமாகத்தான் நின்றேன். டேப்பைச் சுற்றினார், முப்பத்திமூன்றரை என்று கம்பவுண்டரிடம் சொன்னார். அவர் எழுதிக்கொண்டார். பிறகு இழு என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். ஏற இடமே இல்லாத மாதிரி இருந்தது. முப்பத்துநாலேகால் என்றார். இன்னும், இன்னும் என்றார். நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்ததே தவிர டேப் நகரவில்லை. என் முதுகைத் தட்டி, பார்க்க நன்றாக இருக்கிறாய் தம்பி, ஆனால் எனக்குப் பார்க்க நன்றாக இருக்கிற ஆள் வேண்டாம் என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. வெளியே வந்து செம்பூர் ஸ்டேஷனில் நாலு வண்டியை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

போன கடிதத்தில் கடைசியில் எழுதினதை நீ கிழித்துப் போட்டுவிடு.

ஞானசீலன்

பாளையங்கோட்டை,
1-8-1964

அன்புள்ள அத்தானுக்கு,

கிடைத்துவிட்டது. ஸ்டாப் ரூமில் உட்கார்ந்து படித்தேன், சத்தமாகச் சிரித்துவிட்டேன், கணக்கு டீச்சர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். சிரித்ததற்குக் கோபிக்காதீர்கள். சந்தோஷத்தில் சிரித்தது.

நீங்கள் சாதாரணமாக நிற்கவே இல்லை அத்தான். சாதாரணமாக நில்லு என்றபோதே உங்கள் நெஞ்சு முக்கால்வாசி மூச்சை வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக அண்ணாச்சி அப்படி நிற்கப் பழக்கி, அதுதான் சுபாவம் என்று உங்கள் உடம்பு நினைத்துவிட்டது. நிறைந்த குடத்தில் டாக்டர் இன்னும் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறார். உங்களுக்கு நுரையீரல் குறைவே இல்லை. உங்களுக்கு மூச்சை விடத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இதில் ஒரு கண்டம் இருக்கிறது. முழுதும் தளர்த்தி விட்டால் அளவு இறங்கும். முப்பத்திரண்டுக்குக் கீழே போய்விட்டால் அதிலேயே தள்ளிவிடுவார்கள். தாலீம் போட்ட சதைதான் அங்கே உங்களைத் தாங்கணும். அண்ணாச்சியைப் பற்றி நான் எழுதினதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

மீதிப் பாதியை வாங்கமாட்டேன். தளரவிடுகிறவனுக்கு நூறு பஸ்கி என்கிற இடத்தில் நின்று நீங்கள் தளரப் பழக முடியாது. இந்த ஒன்றரை மாதம் தாலீமை விட்டுவிடுங்கள். தண்டால், பஸ்கி எல்லாம் தோட்டத்திலேயே தனியாகச் செய்யலாம், சதை குறையாமல் இருக்க. அதற்குப் பிறகு மல்லாந்து படுத்து, வயிற்றில் ஒரு புத்தகத்தை வைத்து, அது இறங்குகிற வரை மூச்சை விடுங்கள். இனி இல்லை என்று தோன்றும்போது இன்னும் கொஞ்சம் இருக்கும், அதையும் விடுங்கள். மாமிகள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்களா வந்து உங்களோடு குவார்ட்டர்ஸில் இருக்கப் போகிறார்கள்?

ஷேக் பரீத்துக்கு இது கஷ்டம். எனக்குத் தெரிகிறது. அவரிடம் என்ன சொல்வது என்று நீங்கள்தான் முடிவு செய்யணும்.

உங்கள்,
ரோஸி

தாராவி,
23-8-1964

அன்புள்ள ரோஸிக்கு,

விட்டுவிட்டேன். லேசாக இல்லை. அண்ணாச்சியிடம் போய் ஒன்றரை மாதம் வரமாட்டேன் என்றேன். ஏன் என்றார். உண்மையைச் சொன்னேன், என் வீட்டுக்காரி தளர்ந்து நிற்கப் பழகச் சொல்கிறாள் என்று. அண்ணாச்சி கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மண்ணைத் தொட்டவன் வெளியே போய்த் தனியாகச் செய்தால் மண்ணுக்கு மரியாதை இல்லை, இனி உன் இஷ்டம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பரீத் ஓரமாகப் போய் மண்ணைக் கிளற உட்கார்ந்தான். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பைவ் கார்டனுக்கு விடிகிறதற்கு முன்னே போகிறேன். தண்டால் எடுப்பது ஒரு பாடும் இல்லை. மூச்சை விடுவதுதான் பெரும்பாடு. நீ நம்பமாட்டாய், முதல் நாள் நெஞ்சைத் தளர்த்தினதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னமோ மானம் போன மாதிரி. யாரும் இல்லை, மரம்தான் இருந்தது, ஆனாலும் அழுதேன். அத்தனை நாளும் எதையோ பிடித்துக்கொண்டே நின்றிருக்கிறேன் போல. அன்றைக்கு ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தபோதுகூட நெஞ்சைத் தூக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். யாருக்காக என்று தெரியவில்லை.

வயிற்றில் வைக்க வேதாகமம்தான் இருக்கிறது என்னிடம். அதை வைப்பது தப்பா என்று யோசித்தேன். பிறகு வைத்தேன்.

போன திங்கட்கிழமை கண்ணை மூடிப் படுத்திருக்கிறேன், பக்கத்தில் யாரோ ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற சத்தம். பரீத். தாலீமில் ஜோடி இல்லாமல் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போச்சாம். நீர் மூச்சை விடும், நான் எண்ணுகிறேன், எண்ணுகிறவன் இல்லாமல் நீர் ஏமாற்றுவீர் என்றான். எட்டு வரை எண்ணச் சொன்னேன். இப்போது பன்னிரண்டு வரை வந்துவிட்டேன். தனியாகத்தான் செய்கிறேன் என்று உனக்கு எழுதினால் அது பொய்யாகிவிடும்.

பரீத் அளந்தான். விட்டால் முப்பத்திரண்டு, சில நாள் முப்பத்தொன்றே முக்கால். இழுத்தால் முப்பத்துநாலு. செப்டம்பர் பதினேழு அன்றைக்கு எந்த நாள் வருமோ தெரியாது. பயமாக இருக்கிறது, ரோஸி. முந்தின இரண்டு தடவையும் நான் இதை எழுதவில்லை.

உன்,
ஞானசீலன்

செம்பூர் ஸ்டேஷன்,
17-9-1964

என் ரோஸிக்கு,

பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன், வண்டி வருவதற்குள்.

அதே டாக்டர். அதே கம்பவுண்டர். சாதாரணமாக நில்லு என்றார். ஐயா, ஒரு நிமிஷம் வேணும் என்றேன். விட்டேன். தோள் இறங்கிற்று, நெஞ்சு இறங்கிற்று, பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இன்னும் விட்டேன். டேப் தோலில் பட்டது. அவர் கண்ணாடியைச் சரி செய்தார். கிட்டே குனிந்து பார்த்தார். எனக்குள்ளே மூச்சே இல்லை, அவர் சொல்கிற வரை இழுக்கவும் கூடாது.

முப்பத்திரண்டு என்றார். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இழு என்றார். இழுத்தேன். இழுக்க இழுக்க இடம் இருந்தது, ரோஸி. முப்பத்துநாலேகால். இரண்டாம் தடவையும் சுற்றி அளந்துவிட்டு, எங்கே ஒளித்து வைத்திருந்தாய் தம்பி என்று கேட்டார். என் மனைவி கண்டுபிடித்துச் சொன்னாள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இனி அண்ணாச்சியிடம் போய் மண்ணைத் தொட்டு மன்னிப்புக் கேட்கணும். அவர் போடவைத்த சதை இல்லாமல் அந்த முப்பத்திரண்டு இல்லை, அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லணும். பரீத் வெளியே கேட்டில் நின்றான், தோல் மண்டிக்கு லீவு சொல்லிவிட்டு. நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னேயே என் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டான்.

குவார்ட்டர்ஸ் அக்டோபரில் கொடுப்பார்களாம். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். மெட்ராஸ் டிரெயினிங் உனக்கு வேணுமென்றால் போய்விட்டு வா. ஒரு வருஷம்தானே, ரூமில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன். ஜூலையில் நான் எழுதின அந்தக் கடைசி வரிக்கு என்னால் வேறு எப்படிப் பரிகாரம் செய்ய முடியும் என்று தெரியவில்லை.

வண்டி வந்துவிட்டது.

உன்,
ஞானசீலன்

பாளையங்கோட்டை,
17-9-1964

அன்புள்ள அத்தானுக்கு,

இந்நேரம் உங்களை அளந்திருப்பார்கள். காலை பத்து மணிக்கு நான் ஆறாங்கிளாஸை வரிசையில் நிறுத்திவிட்டு, அடுத்த எண்ணைச் சொல்ல மறந்து மரம் மாதிரி நின்றிருக்கிறேன். பிள்ளைகள் தூக்கின கையை இறக்கத் தெரியாமல் நின்றார்கள், பாவம்.

என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. உங்கள் கடிதம் வர நாலு நாள் ஆகும். தெரியாமல் இருக்கும்போதே ஒரு காரியத்தைச் செய்துவிடணும் என்றுதான் இன்றைக்கு மத்தியானம் எச்.எம். அம்மாவிடம் ராஜினாமாவைக் கொடுத்தேன். அவர்கள் நாலு நாள் பொறு, முடிவு தெரியட்டும் என்றார்கள். முடிவு தெரிந்துவிட்டால் கொடுக்க முடியாது அம்மா என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும்.

நீங்கள் பாஸான பிறகு நான் வந்தால் குவார்ட்டர்ஸுக்காக வந்தவள் ஆவேன். நீங்கள் தவறின பிறகு வந்தால் பரிதாபப்பட்டு வந்தவள் ஆவேன். இந்த நாலு நாளைக்குள் முடிவு செய்தால்தான் உங்களுக்காக வந்தவள். ஆசை இருக்கிறதா என்று ஜூலையில் கேட்டீர்களே, அதற்கு எழுதமாட்டேன் என்று சொல்லியிருந்தேன். இதுதான் பதில்.

ட்ரில் எனக்குப் பிடிக்கும். அதை விட மனசில்லாமல்தான் விடுகிறேன், மறைக்கவில்லை. ஆனால் பம்பாயிலும் பிள்ளைகள் கை காலோடுதானே பிறக்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடம் கிடைக்காமலா போய்விடும்? அம்மா பாத்திரம் கட்டுகிறார்கள்.

காலாண்டுப் பரீட்சை முடிந்து இருபத்தைந்தாம் தேதி புறப்படுகிறேன். இருபத்தெட்டு, திங்கட்கிழமை காலை தாதரில் இறங்குவேன். லீவு கிடைக்காவிட்டால் ஷேக் பரீத்தை அனுப்புங்கள், நான் கண்டுபிடித்துக்கொள்வேன். செம்பூர் இல்லையென்றால் தாராவி. அங்கே கையை விரிக்க இடம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பரவாயில்லை. விரித்து நிற்பதற்கு நான் வரவில்லை, உங்களோடு இருக்க வருகிறேன்.

உங்கள்,
ரோஸி